கசிந்த ஆவணமும் கச்சத்தீவுக் கோப்பும்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேஸ்வரத்திலோ தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒரு விசைப்படகு பிடிபட்டால், அன்று இரவே நான்கைந்து பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்று ‘இரகசியக் கடிதம்’ என்று வரும், ஒன்று ‘1974 ஒப்பந்தத்தின் அசல்’ என்று வரும், ஒன்று யாரோ படம் பிடித்த ஜி.பி.எஸ். திரையாக இருக்கும். உள்ளூர் நிருபர்களும், மீனவர் சங்கப் பொறுப்பாளர்களும், முகநூலில் எழுதுபவர்களும் இவற்றை வைத்துக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். இந்தப் பக்கம் வழக்கறிஞருக்கு மாற்று அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் முதல் வேலை வழக்கறிஞரைப் பார்ப்பதுதான்.

2024 தேர்தல் நேரத்தில் வெளிவந்த கச்சத்தீவு ஆவணங்கள் கசிந்தவையா?

இல்லை. தமிழ்நாடு பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்றவை அவை. 2024 மார்ச் 31 அன்று நாளிதழில் செய்தியானது. காங்கிரஸ் கச்சத்தீவை விட்டுக்கொடுத்தது என்று சொல்லிப் பிரதமர் அதைப் பகிர்ந்தார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நிருபர்களைச் சந்தித்தார். 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை சிறைப்பிடித்தது, 1,175 படகுகளைப் பறிமுதல் செய்தது என்ற கணக்கு அந்தச் சந்திப்பில் அவர் சொன்னது.

கசிவா, கேட்டு வாங்கியதா, பழைய ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்ததா, நாடாளுமன்றத்தில் வைத்ததா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வந்த வழி மாறினால் சட்டம் மாறும், ஆபத்து மாறும். தகவல் உரிமையில் வந்த தாளைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் அதில் எந்தப் பக்கத்தைக் கொடுத்தார்கள், எந்தப் பக்கத்தைக் கொடுக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இதே வகைக் கோப்பைக் கேட்டு மறுப்புக் கடிதம் வாங்கியவர்கள் பலர் உண்டு. ஒருவருக்குத் திறந்த கதவை அடுத்தவருக்கும் திறக்கச் சொல்லிக் கேட்க அந்த 2024 வெளியீடே நல்ல ஆதாரம்.

‘விட்டுக்கொடுக்கவில்லை’ என்று 2015-ல் அதே வெளியுறவு அமைச்சகம் வேறு மாதிரி பதில் சொன்னதே?

சொன்னது. 2015 ஜனவரி 27 தேதியிட்ட தகவல் உரிமைப் பதிலின் சாரம் இது: இந்தியாவுக்குச் சொந்தமான நிலப்பரப்பு எதையும் பெறவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை, அந்தப் பகுதி அதற்குமுன் எல்லை வரையறுக்கப்படாதது, உடன்படிக்கைகளின்படி கச்சத்தீவு கடல் எல்லைக் கோட்டின் இலங்கைப் பக்கம் இருக்கிறது.

‘வரையறுக்கப்படாதது’ என்ற ஒரு சொல்லின் மீதுதான் மத்திய அரசின் சட்ட வாதம் முழுவதும் நிற்கிறது. மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-ல் சொன்ன கருத்துப்படி, இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். 2015-ல் வங்கதேசத்துடன் நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொண்டபோது 100-வது திருத்தம் வந்தது அதனால்தான். 1974-ல் அப்படி எந்தத் திருத்தமும் இல்லை. ‘எங்களுடையதைக் கொடுத்தோம்’ என்று எந்த மத்திய அரசு சொன்னாலும், திருத்தம் எங்கே என்ற கேள்வி உடனே எழும். ஆகவே எந்தக் கட்சி ஆண்டாலும் நீதிமன்றத்தில் ‘வரையறுக்கப்படாதது’ என்பதை விடாது. மேடையில் மட்டும் ‘தாரை வார்த்தார்கள்’ என்று பேசலாம். 2024-ல் வந்த பழைய குறிப்புகளில் இந்திய உரிமை வலுவானது என்ற சட்ட ஆலோசனையும் உண்டு. இந்தச் சின்னத் தீவுக்குத் தாம் முக்கியத்துவம் தரவில்லை என்ற நேருவின் 1961 குறிப்பும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் அது செய்தி. ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் அது சுவரொட்டி.

1974-ல் என்ன இருக்கிறது, 1976-ல் என்ன இருக்கிறது?

1974 ஜூன் 26, 28 தேதிகளில் கையெழுத்தான உடன்படிக்கை பாக் நீரிணையின் எல்லைக் கோட்டை வகுத்தது. அதன் 5-வது பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்புபோலவே கச்சத்தீவுக்குப் போகலாம், இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை. 6-வது பிரிவு: இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும். ‘வலை உலர்த்தும் உரிமை’ என்று பகிரப்படும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொற்கள் உடன்படிக்கையின் வாசகத்தில் கிடையாது.

1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. இராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் கச்சத்தீவு தன் தொகுதியின் பகுதி என்று வாதிட்டார். மக்களவை விவாதப் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. கசிவைத் தேடுவதற்கு முன் அதைப் படிப்பது நல்லது.

மீன்பிடி உரிமை அடிபட்டது 1976 மார்ச் 23 அன்று. மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைக்கான உடன்படிக்கையோடு, இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கையின் ஜெயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அனுமதியின்றி ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. தேதியைக் கவனியுங்கள். நெருக்கடி நிலை அமலில் இருந்தது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது, தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்கச் சட்டமன்றமும் இல்லை, எழுத நாளிதழும் இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் பாம்பன் மீனவரின் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் இந்த ஒரு தேதியைக் காட்டலாம்.

‘மந்தணம்’ என்று முத்திரை போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. வைத்திருந்தாலே குற்றமா?

1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியங்கள் சட்டத்தின் (ஓ.எஸ்.ஏ.) 5-வது பிரிவு, கொடுத்தவரோடு வாங்கியவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் வாங்கியவர் விரும்பிப் பெற்றிருக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக வருகிறது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ பெற்றிருக்க வேண்டும். கேட்காமல் குழுவில் விழுந்த ஃபார்வர்டின் நிலை வேறு. அதை நீங்கள் அடுத்த குழுவுக்குத் தள்ளிய நிமிடம் உங்கள் நிலையும் வேறு. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ‘இரகசியம்’ என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கவே இல்லை. மந்தணம், இரகசியம், அதி இரகசியம் என்ற தரங்கள் அலுவலகப் பாதுகாப்பு விதிகளில் இருந்து வருபவை. அடுத்தது, 13-வது பிரிவின்படி அரசோ அரசு அதிகாரம் அளித்த அலுவலரோ புகார் கொடுத்தால் ஒழிய நீதிமன்றம் வழக்கை ஏற்காது. ‘உன்மேல் ஓ.எஸ்.ஏ. போடுகிறேன்’ என்று வார்டு பிரமுகர் மிரட்டினால் அவரால் முடியாது.

பத்திரிகையில் வெளியிட்டால்?

தைரியம் தருவது ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கின் 2019 ஏப்ரல் 10 தீர்ப்பு. நாளிதழில் வெளியான பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகள் திருடப்பட்டவை, அவற்றை நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று மத்திய அரசு ஆட்சேபித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட ஆவணங்களை வெளியிடுவதைத் தடுக்க அலுவல் இரகசியச் சட்டத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை என்றது. (மறு ஆய்வு மனுக்கள் அந்த ஆண்டு நவம்பரில் தள்ளுபடி ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

முத்திரை மட்டும் போதாது என்பதற்கு பத்திரிகையாளர் சாந்தனு சைக்கியா வழக்கு. பங்கு விலக்கல் பற்றிய அமைச்சரவைக் குறிப்பை வெளியிட்டதற்காகத் தொடரப்பட்டது. ‘இரகசியம்’ என்று எழுதியதாலேயே ஒரு தாள் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று சொல்லி டெல்லி நீதிமன்றம் 2009-ல் அவரை விடுவித்தது.

ஆனால் விடுதலை ஆவதற்குள் ஆயுள் பாதி போய்விடும். பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி இதே சட்டத்தில் 2002 ஜூனில் கைதானார். அவர் கணினியில் இருந்தது ஏற்கெனவே வெளியான ஒரு கட்டுரை. அது இரகசியமல்ல என்று ராணுவப் புலனாய்வு சொன்ன பிறகு 2003 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

வந்த ஆவணம் போலியா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் பெயர்களும் தேதிகளும். 1972 மே 22 வரை அந்த நாட்டின் அதிகாரப் பெயர் சிலோன். அதற்கு முந்தைய தேதியிட்ட ஆங்கிலக் கடிதத்தில் ‘ஸ்ரீலங்கா’ என்றிருந்தால் நம்ப வேண்டாம். ஆங்கிலக் கடிதத் தலைப்பில் ‘மெட்ராஸ்’ போய் ‘சென்னை’ வந்தது 1996-க்குப் பிறகு. ‘தமிழ்நாடு’ 1969 ஜனவரி 14 முதல். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல். ரூபாய்க் குறியீடு 2010 ஜூலையில் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய இழப்பீட்டு ஆணையில் அது இருந்தால் போலி. தமிழக அரசு தமிழ் ஒருங்குறியை ஏற்றது 2010-ல். 2003 தேதியிட்ட தமிழ் ஆணை பளபளவென்று இன்றைய எழுத்துருவில் இருந்தால் குறைந்தபட்சம் அது மறுதட்டச்சு.

அடுத்து எண். மாவட்ட அலுவலகக் கடிதமென்றால் ந.க. எண் (கடிதத்தின் கோப்பு எண்), நாள், அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை இருக்கும். ‘பார்வை’யில் குறிப்பிட்ட முந்தைய கடிதம் இருக்கிறதா என்று அந்த அலுவலகத்தில் கேளுங்கள். போலி செய்பவர்கள் பெரும்பாலும் தலைப்பையும் கையெழுத்தையும் கவனமாகச் செய்வார்கள், பார்வையில் கோட்டை விடுவார்கள். அதன் பிறகு, சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி ஒரு நாளாவது அவகாசம் கொடுங்கள். ‘கருத்துக் கூற முடியாது’ என்ற பதில்கூட ‘அப்படிக் கடிதமே இல்லை’ என்ற பதிலைவிட வேறுபட்டது.

பிடிபட்ட இடம் என்று ஜி.பி.எஸ். எண் வருகிறது. எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1974 உடன்படிக்கையே ஆறு புள்ளிகளைத் தருகிறது. நம் கடற்கரைக்கு வேண்டியவை நான்கு:

3-வது: 9°40.15′ வடக்கு, 79°22.60′ கிழக்கு
4-வது: 9°21.80′ வடக்கு, 79°30.70′ கிழக்கு (கச்சத்தீவுக்குச் சுமார் ஒரு மைல் மேற்கே)
5-வது: 9°13.00′ வடக்கு, 79°32.00′ கிழக்கு
6-வது: 9°06.00′ வடக்கு, 79°32.00′ கிழக்கு

புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிக்கு எதிரே, 5-க்கும் 6-க்கும் நடுவில் கணக்கு சுலபம்: 79°32′-க்குக் குறைந்தால் இந்தியப் பக்கம், கூடினால் இலங்கைப் பக்கம். ஒரு படகு 9°10′, 79°29′-ல் பிடிபட்டதென்றால் அது கோட்டுக்கு 3 நிமிடம் மேற்கே, அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் நம் பக்கம். 3-க்கும் 4-க்கும் நடுவில் கோடு சாய்வாகப் போகிறது. சரிபாதியில், 9°31′-ல், எல்லை 79°26.65′ அருகே வரும். வடக்கே போகப் போகக் கோடு மேற்கே ஒதுங்குவதால், கச்சத்தீவு நேரில் நம் கடலான அதே கிழக்கு எண் அங்கே இலங்கைக் கடல் ஆகிவிடும்.

வழக்கமாக நடக்கும் பிழை, 9°21.80′ என்பதை 9.2180 என்று போன் வரைபடத்தில் போடுவது. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 9.3633. அப்படிச் செய்யாவிட்டால் புள்ளி 16 கிலோமீட்டர் தெற்கே போய் விழும். ‘நம் கடலில் புகுந்து பிடித்தார்கள்’ என்ற படமும், ‘எல்லை தாண்டியது உறுதி’ என்ற படமும் இந்தப் பிழையால் வந்திருக்கக் கூடும். இன்னொன்று, அந்த எண் வழிமறித்த இடமா, இழுத்துக்கொண்டு போன இடமா என்று கேளுங்கள். சில நூறு மீட்டர் வித்தியாசத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். 1974-ல் ஜி.பி.எஸ். கிடையாது, பழைய வரைபட அளவைக்கும் இன்றைய அளவைக்கும் அந்த அளவு விலகல் வரலாம்.

எதை வெளியிடக் கூடாது?

கடற்படை, கடலோரக் காவல் படையின் ரோந்து நேரம், ரேடியோ அலைவரிசை, தகவல் சொன்னவர் பெயர். இவற்றால் கொள்கை விமர்சனத்துக்கு எந்தப் பயனும் இல்லை, ஆள் சேதம் மட்டுமே வரும். கைதானவர் பட்டியலில் ஆதார் எண், கைபேசி எண், வீட்டு முகவரி இருந்தால் நீக்குங்கள். பிடிபட்டவர் வீட்டுக்கு ‘நான் தூதரகத்திலிருந்து பேசுகிறேன், பணம் அனுப்பு’ என்று யாராவது அழைத்தால், அந்த எண் நீங்கள் போட்ட பட்டியலிலிருந்து போனதாக இருக்கக் கூடாது.

கறுப்பு பூசுவதில் ஒரு எச்சரிக்கை. போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் அடித்தால் வெளிச்சத்தைக் கூட்டி அடியில் இருப்பதைப் படித்துவிடலாம். பி.டி.எஃப்.-இல் மேலே கட்டம் வைத்தால், அடியில் உள்ள எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். அந்த வரியை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வெளியிடுங்கள்.

கொடுத்தவரை எப்படிக் காப்பது?

பெரும்பாலும் கொடுத்தவரைக் காட்டிக் கொடுப்பது அந்தத் தாள்தான். அரசு அலுவலகங்களின் மின்கோப்பு முறையான இ-ஆபீஸில் இருந்து இறக்கிய பி.டி.எஃப்.-இன் ஓரத்தில் யார், எந்தப் பதவி, எந்த நாள், எந்த நிமிடம் இறக்கினார் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். பல வண்ண லேசர் அச்சுப்பொறிகள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் இயந்திர எண்ணையும் நேரத்தையும் பதிக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்தின் உள்விவரம் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே இருக்கும். ஆகவே கொடுத்த தாளை அப்படியே போடாமல் வாசகத்தை மறுதட்டச்சு செய்து போடுங்கள். அசலைத் தனியே பத்திரப்படுத்துங்கள், நாளை மறுப்பு வந்தால் தேவைப்படும்.

சட்டப் பாதுகாப்பு மெலிந்தது. இடித்துரைப்பவர் (முறைகேட்டை வெளிப்படுத்துபவர்) பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நிருபர் தன் மூலத்தைச் சொல்ல வேண்டாம் என்ற பாதுகாப்பு 1978 பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2)-ல் இருக்கிறது. அது கவுன்சில் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டும், காவல் நிலையத்துக்கு அல்ல. மூலத்தைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை என்று பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 27 அன்று சொன்னது கைகொடுக்கும். அதை மட்டும் நம்பி ஒரு குமாஸ்தாவின் வேலையைப் பணயம் வைக்காதீர்கள்.

கசிவுக்குக் காத்திருக்காமல் கேட்டு வாங்க முடியாதா?

பாதிக்கு மேல் வாங்கலாம். மத்திய அரசு என்றால் தகவல் உரிமை இணையதளத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பம். மாநில அரசு என்றால் இணையத்திலோ, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தாளிலோ. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்கு 30 நாள்; ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். அயல்நாட்டுச் சிறையில் இருக்கும் மகனைப் பற்றிக் கேட்கும் தாய் இந்த விதியைத் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

கேள்வியின் அமைப்பில்தான் வெற்றி. ‘மீனவர் பிரச்சினையில் அரசு என்ன செய்தது?’ என்று கேட்டால் ஒரு பக்க வாழ்த்துப்பா வரும். இப்படிக் கேளுங்கள்: ‘2016-ல் அமைக்கப்பட்ட இந்திய–இலங்கை மீன்வளக் கூட்டுப் பணிக்குழு கூடிய தேதிகள், இடங்கள், பங்கேற்ற துறைகள், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல், விலக்குப் பெற்ற வரிகள் இருந்தால் 10-வது பிரிவின்படி அவற்றை மட்டும் நீக்கி மீதியைத் தருக.’ கடலுக்குப் போக டோக்கன் வாங்கிய படகுகளின் மாத எண்ணிக்கையை மாநில மீன்வளத் துறையிடம் கேளுங்கள், வெளியுறவு அமைச்சகத்திடம் அல்ல. தவறான இடத்துக்குப் போனாலும் 6(3)-ன்படி 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும். நடைமுறையில் அங்கேதான் மாதக்கணக்கில் கிடக்கும்.

தனிநபர் பெயர்களைக் கேட்காதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) தனிநபர் தகவலை மொத்தமாக விலக்குகிறது. எண்ணிக்கை கேளுங்கள், வரும்.

‘வெளிநாட்டு உறவு பாதிக்கும்’ என்று மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

8(1)(ஏ)-வைத்தான் சொல்லியிருப்பார்கள். 20 ஆண்டு தாண்டினால் எல்லாம் வெளிவரும் என்ற நம்பிக்கை தவறு. 8(3) அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவு வந்து 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். மேல்முறையீட்டில் இரண்டு வரி அவசியம்: எந்த வரி எப்படி உறவைக் கெடுக்கும் என்று அலுவலர் விளக்கவில்லை என்பது, 8(2)-ன்படி அலுவல் இரகசியச் சட்டம் இருந்தாலும் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்பது. 2024-ல் இதே கோப்பின் பகுதி ஏற்கெனவே வெளியானதை இணைப்பாக வையுங்கள்.

வெளியுறவுக் கொள்கையைத் திட்டி எழுதினால் தேசத்துரோகமா?

இல்லை. ஆனால் ஒரு நெருடல் உண்டு. ‘அயல்நாடுகளுடன் நட்புறவு’ என்ற காரணத்தால் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று 1951-ஆம் ஆண்டு முதல் திருத்தம் அரசியலமைப்பின் 19(2)-இல் சேர்த்தது. அதற்கும் ஒரு சட்டம் வேண்டும், அதுவும் நியாயமான கட்டுப்பாடாக இருக்க வேண்டும். பழைய தேசத்துரோகப் பிரிவின் இடத்தில் வந்த புதிய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். 152-ன் விளக்கவுரையே, சட்டவழியில் மாற்றம் கோரி அரசு நடவடிக்கையைக் கண்டிப்பது குற்றமல்ல என்கிறது. ‘கச்சத்தீவை மீட்க வேண்டும்’ என்று தமிழ்நாடு சட்டமன்றமே 2025 ஏப்ரல் 2 அன்று தீர்மானம் போட்டது. ‘மீட்க வேண்டுமென்றால் போர்தான்’ என்ற பொருளில் 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னவர் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர். இவ்வளவு பேர் பேசிய விஷயத்தில் உங்கள் முகநூல் பதிவுக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது.

மறியல் வேறு. தங்கச்சிமடத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தால் ரயில்வே சட்டம் 174, இரண்டு ஆண்டு வரை. கோரிக்கை நியாயம் என்பது அங்கே பதிலாகாது.

உச்சிப்புளிப் பக்கம் ட்ரோன் விடலாமா?

கூடாது. ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் அங்கே இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடத்தைப் படம் எடுத்த வழக்கு அலுவல் இரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவில் நிற்காது, 3-வதுக்குப் போகும். பாதுகாப்பு சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை. கல்யாண வீடியோ எடுக்கப் போனோம் என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

போலீஸ் செல்போனைக் கேட்கிறது. என்ன செய்ய?

எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ன்படி தேடுதலையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும். கைப்பற்றிய பட்டியலின் நகல் வாங்குங்கள், போனின் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணும், எடுத்த தரவின் ஹாஷ் மதிப்பும் (தரவை மாற்றினால் மாறிவிடும் அடையாள எண்) பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழிலேயே ஹாஷுக்கு இடம் இருக்கிறது. அது பதிவாகவில்லை என்றால் பிறகு எதையாவது உள்ளே சேர்த்தார்களா என்று நிரூபிக்க வழியில்லை. எதையும் அழிக்காதீர்கள்; சாட்சியத்தை அழித்தது தனிக் குற்றம். காவலில் வைத்தால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இலங்கைப் பக்கத்து ஆவணம் கிடைக்குமா?

இலங்கையின் 2016 தகவல் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ஆனால் கேட்காமலே கிடைப்பவை உண்டு. இழுவை மடி (அடிக்கடலை வாரும் வலை) தொழிலை அங்கே 2017-ல் தடை செய்தது வெளிப்படையான சட்டம். கடற்படை ஒவ்வொரு கைதையும் அறிக்கையாக வெளியிடுகிறது. ஊர்காவற்றுறை, மன்னார் நீதிமன்றங்களில் வழக்கு திறந்த மன்றத்தில் நடக்கிறது, யாழ்ப்பாணத் தமிழ் நாளிதழ்கள் எழுதுகின்றன. நம் விசைப்படகுகள் அறுத்துப் போன வலைகளின் கணக்கும் அந்த நாளிதழ்களில் வரும். டெல்லியையும் கொழும்பையும் விமர்சிக்கும் கட்டுரையில் அந்த வலைக்காரரின் தரப்பு இல்லையென்றால், யாழ்ப்பாணத்தில் அதைப் படிப்பவர் இரண்டாவது பத்தியிலேயே மூடி வைத்துவிடுவார்.